முப்பதாம் நம்பர் சல்லடையும் மூஞ்சூற்றுப் பல்லும்

தாராவியில் தொண்ணூறு அடிச் சாலையை விட்டு இறங்கி மூன்றாவது கல்லியில், அதாவது சந்தில், நுழைந்தால் இசக்கிப்பாண்டியின் சல்லடைப் பட்டறை. வாசலில் போர்டு கிடையாது. எதற்கு போர்டு? செம்பூரில் மிளகாய்ப்பொடி அரைக்கிறவனைக் கேளுங்கள், நெருளில் மாத்திரைக்குப் பொடி சலிக்கிறவனைக் கேளுங்கள், “பாண்டி சேட் பட்டறையா?” என்று கையைக் காட்டி வழி சொல்வான். மும்பையில் ஒரு மனிதனின் பெயரே முகவரியாவதற்கு எத்தனை வருஷம் ஆகும் என்பது அங்கே வந்து பிழைத்தவனுக்குத்தான் தெரியும். மற்றவர்களுக்குச் சொன்னாலும் ஏறாது.

இசக்கிப்பாண்டிக்கு மூன்றாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. பதினாலு வயதில் நாங்குநேரிப் பக்கமிருந்து ரயிலேறி வந்து, குர்லாவில் ஒரு தகரப் பட்டறையில் பெருக்கிக் கூட்டச் சேர்ந்தார். அங்கே இருந்த மேஸ்திரிக்குக் கண் மங்கல். கம்பிவலையைக் கையில் கொடுத்து, “எத்தனை?” என்பான். ஓர் அங்குல நீளத்தில் எத்தனை கண் இருக்கிறதோ அதுதான் சல்லடையின் நம்பர். பத்து கண் என்றால் பத்தாம் நம்பர், முப்பது கண் என்றால் முப்பதாம் நம்பர். இரண்டு வருஷம் அதை எண்ணியே கழித்தார். மூன்றாம் வருஷம் எண்ணுவதை விட்டுவிட்டு நகத்தால் ஓர் இழுப்பு இழுத்து நம்பரைச் சொல்ல ஆரம்பித்தார். மேஸ்திரி நம்பவில்லை. அங்குலக்கோல் வைத்து இன்னொருவனை எண்ணச் சொன்னான். சரியாக இருந்தது. இன்றைக்கும் அறுபத்திரண்டு வயதில் கண்ணைக் கட்டிவிட்டு வலையைக் கொடுங்கள், சொல்வார். பெரிய பெரிய படிப்புப் படித்தவர்கள் அப்படிச் சோதித்துப் பார்த்துவிட்டுத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போயிருக்கிறார்கள்.

அப்பேர்ப்பட்ட கைக்கு வந்த சோதனையைத்தான் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

2021 டிசம்பரில், கொரோனா அடங்கிய சமயம், மாட்டுங்காவிலிருந்து ஸ்ரீலேகா என்று ஒரு பெண் வந்தாள். அங்கே ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறவள். கால்செருப்பில் சேறு, தோளில் பை. முப்பதாம் நம்பரில் ஆறு சல்லடை வேண்டும் என்றாள். மண்ணைத் தண்ணீர் விட்டுக் கழுவிச் சலிக்க வேண்டுமாம்.

“மண்ணுல என்னம்மா கெடைக்கும்? தங்கமா?” என்று கேட்டார் இசக்கிப்பாண்டி.

“எலிப்பல், அங்கிள்.”

பட்டறையே சிரித்தது. வலை இழுத்துக் கட்டுகிற அப்துல் ரவூப், கையிலிருந்த கம்பிக் குறட்டைக் கீழே வைத்தான். இருபது வருஷமாக அவருக்கு வலக்கை. மேலப்பாளையத்துக்காரன், வாய் சும்மா இருக்காது.

“எலிப்பல்லுக்கு எதுக்கும்மா மண்ணைச் சலிக்கணும்? எங்க கல்லிக்கு வாங்க. பல்லோட எலியவே தாறோம். வாலு ஃப்ரீ.”

அந்தப் பெண்ணுக்குக் கோபம் வரவில்லை. அவளும் சிரித்தாள். “இது லட்சம் வருஷத்து எலி, ரவூப் பாய். உங்க எலிக்கு அவ்வளவு வயசாகலையே?”

பிறகு விளக்கினாள். நாசிக்குக்கு அப்பால் ஓர் ஆற்றங்கரை மண்மேடு. அடுக்கு அடுக்காகப் பத்து அடுக்கு. அடியில் இருப்பது பழசு, மேலே வர வரப் புதுசு. ஒவ்வோர் அடுக்கிலும் அந்தக் காலத்துச் சின்னப் பிராணிகளின் பற்கள் கல்லாகிக் கிடக்கின்றன.

“யானை பத்து காடு சுத்தும், அங்கிள். அதோட எலும்பு கிடைச்சா யானை இங்க வந்துதுன்னுதான் தெரியும். சுண்டெலி அப்படி இல்லை. பொறந்த இடத்தை விட்டு ரொம்ப தூரம் போகாது. மரம் இருந்தா ஒரு எலி, புல் இருந்தா வேற எலி, ஈரம் இருந்தா குட்டி மூஞ்சூறு. ஈரம் போச்சுன்னா மூஞ்சூறும் போயிடும். ஆந்தை இதையெல்லாம் முழுங்கிட்டு எலும்பையும் பல்லையும் உருண்டையாக் கக்கிடும். அது மண்ணுல புதைஞ்சுடறது. அதைப் பொறுக்கினா, அங்க எப்ப மழை இருந்துது, எப்ப காஞ்சு போச்சுன்னு படிச்சுடலாம்.”

“அப்ப ஆந்தை போட்ட குப்பைதான் உங்களுக்குப் புத்தகம்னு சொல்லுங்க” என்றார் இசக்கிப்பாண்டி.

“கரெக்ட்!”

“இது எங்களுக்குப் புதுசு இல்லம்மா. குப்பையக் கிண்டிப் பாத்தே இது முலுண்ட் ஃப்ளாட்டுக் குப்பை, இது ஓட்டல் குப்பைன்னு சொல்ற ஆளு இந்தக் கல்லியிலேயே பத்துப் பேரு இருக்கான்.”

அன்றைக்கே அவருக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துவிட்டது. படித்த திமிர் இல்லை. முப்பதாம் நம்பரில் இருபத்தெட்டு கேஜ் கம்பிவலையாகப் பார்த்து எடுத்தார். கேஜ் என்பது கம்பியின் பருமன். எண் ஏற ஏறக் கம்பி மெலியும். இருபத்தெட்டு என்பது நல்ல தடிமன், உழைக்கும். அவள் கேஜ் எதுவும் கேட்கவில்லை. அந்தத் தொழிலில் யாரும் கேட்பதில்லை. மிளகாய்ப்பொடிக்காரனும் நம்பரைத்தான் கேட்பான். கம்பியை முடிவு செய்வது பட்டறைக்காரன் பாடு.

மறு வருஷம் டிசம்பரில் ஆற்றங்கரையிலிருந்து போன் வந்தது. “அங்கிள், அடியிலேர்ந்து அஞ்சு அடுக்கு முடிச்சுட்டோம். அடுத்த வாரம் ஆறாவது ஆரம்பம். இந்த மண் ஒரே களி. சல்லடையை அடைச்சுக்கறது. ஒரு மூட்டை கழுவ ஒரு நாள் ஆறது. ஏதாவது பண்ண முடியுமா?”

முடியுமா என்று இசக்கிப்பாண்டியிடம் கேட்டால் முடியாது என்ற பதில் வராது. மசாலாக்காரர்கள் இப்படிப் புகார் சொன்னால் என்ன செய்வாரோ அதைச் செய்தார். நம்பர் அதே முப்பது, கம்பி மட்டும் முப்பத்தெட்டு கேஜ். தலைமுடி போல மெலிசு. கம்பி மெலிந்தால் கண் கொஞ்சம் அகலும். தண்ணீர் கடகடவென்று இறங்கும். ஆறு சல்லடை செய்து, விளிம்பில் ‘30’ என்று முத்திரை குத்தி, நாசிக் போகிற லாரியில் ஏற்றிவிட்டார். என்ன மாற்றம் செய்தேன் என்று சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? வித்தைக்காரன் வித்தையைக் காட்டுவான், விளக்க மாட்டான்.

ஆறாவது அடுக்கு ஆரம்பித்த மூன்றாம் நாள் அவள் போனில் குதித்தாள். “ஏக் நம்பர், அங்கிள்! பாதி நேரத்துல முடியறது! என்ன மேஜிக் பண்ணினேள்?”

“அது கைராசிம்மா” என்றார். அதைக் கல்லி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். காலேஜில் தீராத சிக்கலை மூன்றாம் வகுப்பு தீர்த்து வைத்தது என்று டீக்கடையில் சொன்னார், பால்காரனிடம் சொன்னார், கேட்காதவனிடமும் சொன்னார்.

போன வருஷம் செப்டம்பரில் மாட்டுங்காவில் ஒரு ஹாலில் ஸ்ரீலேகா பேசுகிறாள் என்று அழைப்பு வந்தது. இசக்கிப்பாண்டி இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் போனார். ரவூப்பும் அத்தர் பூசிக்கொண்டு கூட வந்தான். முதல் வரிசையில் அவளுடைய பேராசிரியர் மகாதேவன் உட்கார்ந்திருந்தார். அவள் இங்கிலீஷும் இந்தியும் கலந்து பேசினாள். இந்தி போதும், பாண்டிக்குப் புரிந்தது.

திரையில் பத்துக் கோடுகள், பத்து அடுக்கு. கீழே ஐந்து கோடுகளிலும் நீலப் புள்ளிகள் நெருக்கமாக இருந்தன. அவை குட்டி மூஞ்சூறும் மிகச் சின்னச் சுண்டெலியும். ஆறாவது கோட்டிலிருந்து நீலமே இல்லை. புல்வெளியில் வாழும் பெரிய எலிகளின் மஞ்சள் புள்ளிகள் மட்டும்.

“ஐந்தாம் அடுக்கு வரை ஈரக்காடு. ஆறாம் அடுக்கில் அது கத்தியால் வெட்டியது போல முடிந்துபோகிறது. நாங்களே எதிர்பார்க்கவில்லை, மாற்றம் இத்தனை திடீரென்று வந்திருக்கிறது” என்றாள். மகாதேவன் பெருமையோடு தலையை ஆட்டினார்.

கடைசியில் அவள், “இந்தப் பற்கள் எங்களுக்குக் கிடைத்ததற்கு ஒரு மனிதர் காரணம்” என்று இசக்கிப்பாண்டியின் பெயரைச் சொல்லி எழுந்து நிற்கச் சொன்னாள். ஹாலே கைதட்டியது. நாற்பத்தெட்டு வருஷ மும்பை வாழ்க்கையில் படித்தவர்கள் கூட்டமாக அவருக்குக் கைதட்டியது அதுதான் முதல் தடவை. அவர் எழுந்து நின்றார். கும்பிட்டார். கும்பிட்ட கைக்குள்ளே விரல் எண்ணிக்கொண்டிருந்தது. ஐந்தாம் அடுக்கு வரை முதல் செட். ஆறாம் அடுக்கிலிருந்து இரண்டாவது செட். அடுத்த வாரம் ஆறாவது ஆரம்பம் என்று அவள் போனில் சொன்னது காதில் கேட்டது.

வெளியே வந்ததும் ரவூப், “என்ன அண்ணாச்சி, கைதட்டுன சத்தத்துல வாயடைச்சிப் போச்சோ?” என்றான்.

இசக்கிப்பாண்டி அவனை விட்டு முன்னால் நடந்தார். 

மறுநாள் காலை வீட்டுச் சமையற்கட்டிலிருந்து ரவைப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனார். மனைவி ஆவுடையம்மாள் பின்னாலேயே வந்தாள்.

“உப்புமாவுக்கு வச்ச ரவையத் தூக்கிட்டுப் போயி இரும்புல கொட்டுதீகளே, காலைல வயித்துக்கு என்னத்தத் திங்கப் போறீக? கம்பியவா?”

“ஒரு நிமிசம் சும்மா இரி.”

பழைய வலையில் ஒரு கிண்ணம், புது வலையில் ஒரு கிண்ணம். ஒரே மாதிரி ஆட்டினார். தடிக் கம்பி வலையில் அரைக் கிண்ணம் தங்கியது. மெல்லிய கம்பி வலையில் இரண்டு விரலில் எடுக்கிற அளவுதான் மிச்சம். இரண்டும் முப்பதாம் நம்பர். அவர் நகத்துக்கு இரண்டும் ஒன்றுதான். ரவைக்கு ஒன்றில்லை.

ரவூப் குனிந்து பார்த்தான். இருபது வருஷமாகக் கம்பி கட்டுகிறவனுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

“மூஞ்சூறுப் பல்லும் இப்பிடித்தான் ஓடிருக்கும்னு சொல்லுதீயளா?”

“அந்தப் பல்லு ரவையவிடப் பெரிசா இருக்கும்கியா? நேத்துத் தெரையில ஊசி முனையிலதாம்வே எடுத்துக் காட்டுனா.”

“சரி. ஓடிருச்சு. இப்ப என்ன? முப்பது கேட்டா, முப்பது குடுத்தோம். லட்சம் வருசத்துக்கு முன்னால காடு காஞ்சா என்ன, நனைஞ்சா என்ன? யாரு வந்து சண்டை போடப் போறா, மூஞ்சூறா? நீங்க போயி வாயத் தொறந்து, அது நெருள் மாத்திரைக் கம்பெனிக்காரன் காதுல விழுந்தா என்னாகும்னு நெனச்சீங்களா? பாண்டி பட்டறைல கம்பிய மாத்திட்டு நம்பர மட்டும் குத்துதாம்னு ஒரு பேச்சு கெளம்பிச்சின்னா, அப்புறம் நீங்க எத்தனை வருசம் நகத்தால எண்ணிக் காட்டினாலும் போகாது.”

அவன் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. அதுதான் வினை. இரண்டு வாரம் இசக்கிப்பாண்டி அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டு தொங்கினார். காடு உண்மையிலேயே காய்ந்திருக்கலாமே என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். மூஞ்சூறு உண்மையிலேயே போயிருக்கலாம். போகவில்லை என்பதற்கு ரவையா சாட்சி? இப்படி நினைக்கும்போது சோறு இறங்கும். அடுத்த கவளத்தில் கத்தியால் வெட்டியது போல என்று அவள் சொன்னது ஞாபகம் வரும். அந்தக் கத்தியை லாரியில் ஏற்றி அனுப்பியவர் யார்?

வேலையும் கெட்டது. எந்த வலையை எடுத்தாலும் நகத்தால் இழுத்துவிட்டு, நம்பிக்கையில்லாமல் மறுபடி இழுத்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் ஸ்ரீலேகா போன் செய்தாள். “அங்கிள், தீசிஸ் திங்கக்கிழமை அச்சுக்குப் போறது. நன்றிப் பக்கத்துல உங்க பேரை முழுசா எப்படி எழுதணும்?”

“எழுதாதீங்கம்மா.”

“ஏன் அங்கிள்? கூச்சமா?”

“அச்சுக்கே குடுக்காதீங்க. நான் வாறேன்.”

இரண்டு துண்டு வலையைக் காகிதத்தில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நடந்தே மாட்டுங்கா போனார். ஆராய்ச்சி அறையில் அவள் தனியாக இருந்தாள். மேசையெல்லாம் சின்னச் சின்னக் குப்பிகள், ஒவ்வொன்றிலும் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் பல். இரண்டு துண்டையும் அவள் முன்னால் வைத்து விஷயத்தைச் சொன்னார். சொல்லும்போதே அவருடைய வாய் அவரை மீறிப் போயிற்று.

“முப்பதுதானம்மா கேட்டீங்க. ரெண்டும் முப்பதுதாம். எண்ணிப் பாருங்க. நம்பர்ல நான் தப்புச் செய்ததே கெடையாது.”

அவள் எண்ணவில்லை. இரண்டையும் நுண்ணோக்கியின் கீழே மாறி மாறி வைத்தாள். எதையோ திருகினாள். காகிதத்தில் இரண்டு எண் எழுதினாள். ஒன்று அரை மில்லிமீட்டருக்கும் கீழே. மற்றது முக்கால் மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அதற்கப்புறம் ஒரு குப்பியைத் திறந்து, ஊசி முனையால் ஒரு மூஞ்சூற்றுப் பல்லை எடுத்து மெல்லிய கம்பி வலை மேல் வைத்தாள். விரலால் வலையை ஒரு தட்டுத் தட்டினாள். பல் இறங்கிக் கீழே வெள்ளைக் காகிதத்தில் விழுந்தது.

அதை ஊசி முனையால் எடுத்துத் திரும்பக் குப்பியில் போட்டாள்.

“காட்டுலேர்ந்து காணாம போச்சா, சல்லடைலேர்ந்து காணாம போச்சா? இப்ப நான் யாரைக் கேக்கறது?” என்றாள்.

“அம்மா, அன்னைக்கே சொல்லியிருக்கணும். நீங்க மேஜிக்குன்னு சொன்னீங்க. எனக்குத் தலை கால் புரியலை.”

“நான் கண் அகலம் எவ்வளவுன்னு கேட்டிருக்கணும், அங்கிள். ரெண்டாவது செட் வந்தப்ப அளந்திருக்கணும். வேகமாப் போறதேன்னு சந்தோஷப்பட்டேனே தவிர, ஏன் வேகமாப் போறதுன்னு யோசிக்கலை. இது என் தப்பு.”

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். தப்பைக்கூட அவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டாளே என்று இருந்தது. கீழே ஓடிய மண் எங்கே என்று கேட்டார். ஆற்றோடு போயிற்று என்றாள். கழுவாத மண் ஏதாவது? யோசித்தாள். கல்லூரிக் கிடங்கில் மூன்று மூட்டை இருந்தன. ஏழாம் அடுக்கு இரண்டு, ஒன்பதாம் அடுக்கு ஒன்று. மற்ற மூன்று அடுக்கிலும் பிடி மண் கிடையாது.

தீசிஸ் அச்சுக்குப் போகவில்லை. மகாதேவன் என்ன சொன்னார் என்று அவள் சொல்லவில்லை. பட்டறைக்கு மூட்டைகளோடு வந்த அன்று அவள் கண் இரண்டும் வீங்கியிருந்தன, அதிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

பழைய இருபத்தெட்டு கேஜ் வலையில் கல்லியிலேயே வைத்துக் கழுவினார்கள். தாராவியில் குழாய்த் தண்ணீர் வருகிற நேரம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். மூன்று மூட்டை மண்ணுக்கு அது எந்த மூலைக்கு? இசக்கிப்பாண்டி டாங்கர் வரவழைத்தார். களி மண் சல்லடையை அடைத்துக்கொண்டு நின்றது. ஒரு மூட்டைக்கு ஒரு நாள். அவரே உட்கார்ந்து கழுவினார். முட்டி நீரில் ஊறி வெளுத்தது. கல்லிப் பெண்கள் குடத்தோடு நின்று, “பாண்டி அண்ணாச்சி மண்ணைக் கழுவி மண்ணாக்குதாக” என்று சிரித்தார்கள். வழக்கமாக இருந்தால் நாலு பதில் சொல்லியிருப்பார். ரவூப் அவருக்காக ஒரு பதில் சொல்லப் பார்த்தான், கையமர்த்திவிட்டார்.

மிஞ்சிய துகளை அவள் காயவைத்து எடுத்துப் போனாள். பத்து நாள் சத்தமில்லை. பதினோராம் நாள் போன் வந்தது.

“ஏழாம் அடுக்குல நாலு பல், அங்கிள். மூணு மூஞ்சூறு, ஒரு குட்டிச் சுண்டெலி.”

 அப்படியானால் ஆறில் காடு முடியவில்லை. ஏழிலும் ஈரம் இருந்திருக்கிறது.

“ஒன்பதுல?”

“ஒண்ணுமில்லை. ஆனா ஒரு மூட்டையை வெச்சுண்டு இல்லைன்னு சொல்ல முடியாது. இருந்து எனக்குக் கிடைக்காமலும் இருக்கலாம். எட்டுல மண்ணே இல்லை.” கொஞ்சம் நிறுத்தினாள். “காடு காஞ்சிருக்கு, அங்கிள். காயாம இருந்திருக்காதுன்னு தோணறது. ஆனா எப்ப, ஒரேயடியாவா, கொஞ்சம் கொஞ்சமாவான்னு எனக்குத் தெரியாது. தெரியும்னு நெனச்சுண்டு அத்தனை பேர் முன்னால பேசிட்டேன். மறுபடி ஆத்தங்கரைக்குப் போகணும். ஆறுலேர்ந்து பத்து வரைக்கும் முதல்லேர்ந்து. ஒரு வருஷமோ ஒன்றரை வருஷமோ.”

“நானும் வாறேம்மா. உக்காந்து கழுவித் தாறேன்.”

“வேண்டாம், அங்கிள்.”

அந்த வேண்டாமில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அதைத் தணிக்கப் பார்க்கலாம்.

டிசம்பர் முதல் வாரம் அவள் பட்டறைக்கு வந்தாள். கையில் ஒரு காகிதம். அதில் நம்பர் எழுதியிருக்கவில்லை. கண் அகலம் இவ்வளவு, கம்பிப் பருமன் இவ்வளவு, கூடினால் இவ்வளவுக்கு மேல் கூடக்கூடாது என்று மட்டும் இருந்தது. வெளியே வேறு கம்பெனியில் வாங்கச் சொல்லி மகாதேவன் சொன்னாராம். அவர்களிடம் இந்தக் களிமண்ணுக்குத் தாங்குகிற சல்லடைச் சட்டம் இல்லை என்று வந்திருக்கிறாள். அவ்வளவுதான் காரணம். அதை ஒளிக்காமல் சொன்னாள்.

எட்டு நாளில் ஆறு சல்லடை தயாரானது. எடுத்துப் போக வந்தவள் பையிலிருந்து சின்ன நுண்ணோக்கி ஒன்றை எடுத்து மேசையில் வைத்தாள்.

“தப்பா நெனச்சுக்காதேள், அங்கிள். ஒவ்வொண்ணுலயும் நாப்பது கண் அளந்துட்டுத்தான் எடுத்துண்டு போவேன்.”

ரவூப்பின் முகம் சிவந்துவிட்டது. “நாப்பத்தெட்டு வருசக் கைம்மா இது. யாரும் இங்க வந்து...”

“வே, வாயப் பொத்து” என்றார் இசக்கிப்பாண்டி.

பட்டறை விளக்கின் வெளிச்சம் போதவில்லை. தொங்கும் பல்பை ஒயரோடு இழுத்து, அவள் தோளுக்கு மேலே அவரே பிடித்துக்கொண்டு நின்றார். அவள் ஒரு கண்ணை அளப்பாள், எழுதுவாள், அடுத்ததற்கு நகருவாள். முதல் சல்லடை தேறியது. இரண்டாவது தேறியது. அவருக்குக் கை மரத்தது. மாற்றிப் பிடித்தார். பட்டறையில் வேலை செய்தவர்கள் எல்லாரும் சுத்தியலை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்க்காமல் அவள் எழுதுகிற எண்களையே பார்த்தார்.

நாலாவது சல்லடையில், இருபத்தேழாவது கண்ணில், அவள் நின்றாள். மறுபடி அளந்தாள். பென்சிலால் அந்த இடத்தில் ஒரு வட்டம் போட்டாள்.

“கூடுதலா இருக்கு. ஓரத்துல வலை இழுபட்டிருக்கு.”

“எம்புட்டு?”

அவள் எண்ணைச் சொன்னாள். தூசியில் பாதிகூட இருக்காது. மிளகாய்ப்பொடிக்காரனாக இருந்தால் நாற்பது வருஷத்துக்கும் கண்டுபிடிக்க மாட்டான். மூஞ்சூற்றுப் பல் ஒன்று அந்த ஓட்டையில் போகுமா போகாதா என்று அவளாலும் அந்த நிமிஷம் சொல்லியிருக்க முடியாது.

இசக்கிப்பாண்டி பல்பை ரவூப் கையில் கொடுத்தார். சல்லடையை மடியில் வைத்துக் குறட்டை எடுத்தார். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் விளிம்பைப் பிரித்து, வலையை ஒரு பக்கமிருந்து மறுபக்கம் வரை வெட்டிவிட்டார்.

“இன்னும் ரெண்டு பாக்கி இருக்குல்லாம்மா. நீங்க அளங்க” என்றார்.